அறிவோம் வாரீர்: பெயர் இழந்த கலங்கள்

கடலோர நகரங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் பலர். மும்பையிலும் கோவாவிலும் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் மாலை வேளைகளில் குழந்தைகளுடன் கடற்கரைக்குச் சென்று காற்று வாங்குவோர், தொலைவில் செல்லும் கப்பலைச் சுட்டி, "அது எந்த நாட்டுக் கப்பல்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு விடை கூற முயல்வதுண்டு. மிதக்கும் கப்பலைக் கொடியையும் பெயரையும் கொண்டு அறிதல் எளிது. ஆனால் அதே கடலின் அடியில், மணலிலும் சேற்றிலும் பாதி புதையுண்டு, கொடியும் பெயரும் இழந்து கிடக்கும் பழங்கப்பல்கள் பல உள. அவை இன்னவை என்று அறிவது எங்ஙனம்? அவ்வாராய்ச்சியைப் பற்றியே இம்மாதம் அன்பர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு இவ்வாராய்ச்சி முறை ஒரு வகையில் பழக்கமானதாகவே தோன்றுகிறது. பார்சல் கட்டு ஒன்றில் ஒட்டிய சீட்டு வழியில் கிழிந்து போய்விடுமாயின், அக்கட்டு யாருக்கு உரியது என்று கண்டறிய இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்று, கட்டினுள் இருப்பவை யாவை எனச் சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பெறுவது. மற்றொன்று, பொருள் வந்து சேரவில்லை என்று பிற நிலையங்களிலிருந்து வரும் முறையீடுகளின் தொகுப்பு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் உரியவர் கிடைப்பார். கடலடிக் கப்பலுக்கும் வழி இதுவே. கிடைத்தவை ஒரு பட்டியல். காணாமற் போனவை மற்றொரு பட்டியல். முன்னதைக் கடலில் மூழ்கித் தேடுகின்றனர். பின்னதை ஆவணக் களரிகளில் அமர்ந்து தேடுகின்றனர். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை.

நெடுங்காலம் கடலடியில் கிடந்த கப்பல், படங்களில் காண்பதுபோலப் பாய்மரம் நிமிர்த்தி நிற்பதன்று. மணலுக்கு மேலே தெரியும் மரத்தைக் கப்பற்புழு துளைத்துத் தின்றுவிடும். இரும்பு துருவேறி, சுண்ணமும் சிப்பியும் பற்றிக் கல்லுருண்டை போலாகிவிடும். கயிறும் பாயும் தாளும் விரைவில் அழியும். மணலுள் ஆழப் புதைந்த அடிமரம், பீங்கான், செங்கல், காரீயம், செம்பு, பீரங்கி, நங்கூரம் போன்றவையே எஞ்சுவன. இத்தகைய இடங்களை முதலில் அறிபவர் பெரும்பாலும் மீனவரே. ஓரிடத்தில் வலை அடிக்கடி சிக்கிக் கிழியுமாயின், அங்கே அடியில் ஏதோ உளது என்பது அவர்தம் பட்டறிவு. ஒலியலைக் கருவி கொண்டு கடலடியை அளப்போரும், மூச்சுக் கருவி பூண்டு மூழ்குவோரும் அதன் பின்னரே வருவர்.

நம் நாட்டில் இத்துறையில் உழைத்துவரும் நிறுவனங்களுள் ஒன்று, கோவாவின் டோனா பாலாவில் உள்ள தேசியக் கடலாய்வியல் நிறுவனம். 1966-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தைச் சேர்ந்த கடல்சார் தொல்லியல் ஆய்வாளர்கள், நம் பூம்புகாருக்கு அப்பால் ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பற் சிதைவு ஒன்றை ஆராய்ந்துள்ளனர்.

பூம்புகார் என்ற சொல்லைக் கேட்ட அளவில் தமிழர் உள்ளம் எங்கே செல்லும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சோழர்தம் துறைமுகம் அது. கோவலனும் கண்ணகியும் வாழ்ந்த ஊர் அது. மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் என்னும் வணிகன், கலம் உடைந்து நாகர் வாழும் இடத்தில் கரையேறிய கதையை நம்மில் பலர் பள்ளிநாளில் படித்திருப்போம். ஆதலின், புகார்க் கடலில் கப்பல் ஒன்று கிடக்கிறது என்றால், 'அக்காலத்துக் கலமாக இருக்கலாகாதா?' என்னும் ஆவல் எழுவது இயல்பே. வெளியூரில் வாழும் நமக்கு அவ்வாவல் சற்று மிகுதியாகவே எழும். ஆயினும் ஆராய்ச்சி ஆவலுக்கு அடங்கி நடப்பதன்று. அக்கப்பல் தன் சரக்கைக் கொண்டு வேறொரு விடை கூறிற்று.

அங்கிருந்து எடுக்கப்பெற்றவற்றுள் தலையாயவை காரீயக் கட்டிகள். அவற்றின்மேல் ஆங்கில எழுத்துக்களில் 'டபிள்யூ பிளாக்கெட்' என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. 1791, 1792 என்னும் ஆண்டுகளும் காணப்படுகின்றன. பிளாக்கெட் குடும்பத்தார் வட இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்துப் பகுதியில் காரீயச் சுரங்கங்களை நடத்தியவர்கள். ஆய்வாளர்கள் பெயரைப் படித்ததோடு நின்றுவிடவில்லை, காரீயத்தையும் சோதித்தனர். காரீயத்தில் அணு எடை வேறுபட்ட பல வகைகள் கலந்துள்ளன. ஐசோடோப்புகள் எனப்படும் அவ்வகைகளின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். அவ்விகிதமும் பிரிட்டனின் தாதையே சுட்டியது. பெயரும் பொருளும் ஒன்றையே சொல்லின. சாட்சிகள் இருவர் தனித்தனியே விசாரிக்கப்பட்டு ஒரே வாக்குமூலம் அளித்தாற்போன்றது இது.

இங்கே அன்பர்கள் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பிளாக்கெட் குடும்பத்துச் சர் வால்ட்டர் என்பவர் 1777-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். சுரங்க உரிமை உறவினர் கைக்குச் சென்றது. எனினும் சந்தையில் பேர்பெற்ற முத்திரை மட்டும் மாறவில்லை. நம் ஊர்க் கடைவீதிகளில் பாட்டனார் பெயரால் பேரன்மார் வாணிகம் நடத்துவதைக் காண்கிறோம் அல்லவா? அதுபோன்றதே. பெயரை மட்டும் நம்பி அப்பெயருடையார் வாழ்ந்த காலத்தைக் கொண்டு கப்பலுக்கு வயது கணித்திருந்தால் கணக்குப் பிழைத்திருக்கும். கட்டியின்மேல் ஆண்டும் இருந்தமையால் ஐயம் தீர்ந்தது.

அப்படியாயின் அந்த ஆண்டு நமக்கு எதைச் சொல்கிறது? 1792-இல் வார்த்த கட்டியை ஏற்றிய கப்பல், 1792-க்கு முன்னர் மூழ்கியிருக்க இயலாது. இவ்வளவே உறுதி. அதன்பின் எத்தனை திங்கள், எத்தனை ஆண்டு கழித்து மூழ்கியது என்பதைக் கட்டி சொல்லாது. சரக்கு இங்கிலாந்தினது என்பதால் கப்பலும் ஆங்கிலேயருடையது என முடிவு கட்டலும் ஆகாது. கோவையில் நெய்த துணியை ஏற்றிச் செல்லும் வண்டி கோவைக்காரருடையதாகவே இருக்க வேண்டும் என்பது உண்டா? அக்காலத்தில் அக்கரையோரம் கொடிகள் மூன்று பறந்தன. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர் இருந்தனர். காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் குடியிருப்புகள். நாகப்பட்டினத்தை 1781-இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்தனர். தரங்கம்பாடி அண்மையில் இருத்தலின் டேனியர் கப்பல் என்று கருத இடமுண்டு. ஆனால் கருதுதல் வேறு, நிறுவுதல் வேறு.

அடுத்து, கோவாக் கடலுக்கு வருவோம். மர்மகோவா துறைமுகத்துக்கு அப்பாலுள்ள செயின்ட் ஜார்ஜ் பாறைத் திட்டில் மற்றொரு சிதைவு ஆராயப்பெற்றது. அங்கே கிடைத்தவை பொன்னும் மணியும் அல்ல; கூரை ஓடுகளும் சுடுமண் கட்டடப் பொருள்களும். அவற்றின்மேல் 'பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை, 1865' எனப் பொருள்படும் ஆங்கில முத்திரை இருந்தது. மங்களூர் ஓடு என்று நாம் வழங்கும் ஓட்டின் தாயகம் இத்தொழிற்சாலையே. நம் ஊர்ப் பழைய வீடுகளின் கூரையிலும், இருப்புப்பாதை நிலையங்கள் பலவற்றின் கூரையிலும் இவ்வினத்து ஓடுகளை இன்றும் காணலாம்.

1865 என்று பொறித்திருப்பதால் அவ்வோடுகள் அவ்வாண்டிலே சுட்டவை என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. மங்களூரில் அத்தொழிற்சாலை தொடங்கப்பெற்ற ஆண்டு 1865. தொடங்கிய ஆண்டையே பெருமையாகப் பிற்காலத்து ஓடுகளிலும் பொறித்து வருவது அத்தொழிலில் வழக்கம். பூம்புகார்க் காரீயத்தில் உள்ள ஆண்டு வார்த்த காலத்தைக் குறிப்பது. கோவா ஓட்டில் உள்ள ஆண்டு தொழில் தொடங்கிய காலத்தைக் குறிப்பது. இரண்டும் எண்களே, ஆனால் இரண்டும் சொல்லும் பொருள் வேறு. முதல் உலகப் போரை ஒட்டி அத்தொழிற்சாலைகள் பாசல் மிஷனாரின் கையைவிட்டு, காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறின. ஆதலின் மிஷன் பெயருடைய ஓடுகளை ஏற்றிய அக்கலம், 1865-க்குப் பின்னர், அக்கைம்மாற்றத்துக்கு முன்னர் அல்லது அதனை ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் சென்றிருத்தல் வேண்டும் என எல்லை வகுக்கலாம். வீட்டுக்குக் கூரையாக வேண்டிய ஓடு, கடலடியில் ஒரு கப்பலுக்குக் காலக்கணக்கு ஆயிற்று.

அதே கோவாக் கடலில் சுஞ்சிப் பாறைத் திட்டு என்னும் இடத்தில் இன்னும் பழைய சிதைவு ஒன்று உண்டு. பீரங்கிகள், சீனப் பீங்கான் துண்டுகள், பெரிய சேமிப்புச் சாடிகள் ஆகியவற்றோடு யானைத் தந்தங்களும் நீர்யானைப் பற்களும் அங்கே கிடைத்தன. நீர்யானை நம் நாட்டு விலங்கன்று, ஆப்பிரிக்காவுக்கு உரியது. லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வரும் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வழியில் மொசாம்பிக்கில் தங்குவது வழக்கம். பீங்கானோ கிழக்கே சீனத்திலிருந்து கோவாச் சந்தைக்கு வருவது. கிழக்கும் மேற்கும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதையும், பீங்கானின் வேலைப்பாட்டையும் நோக்கி, இது 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூழ்கிய போர்த்துக்கீசியக் கப்பல் என ஆய்வாளர் கணித்தனர். எழுத்துப் பொறித்த சான்று இல்லாத இடத்தில் விலங்கின் பல்லும் சாட்சி சொல்லும்.

சரக்கு இல்லாவிடினும் கப்பலின் உடலே சில செய்திகளைக் கூறும். ஓக் மரம் ஐரோப்பியத் தச்சரைச் சுட்டும். தேக்கு இந்தியத் தச்சுத் துறைகளைச் சுட்டும். பலகைகளை ஆணியால் அடித்துள்ளனரா, கயிற்றால் தைத்துள்ளனரா என்பதும் ஓர் அடையாளம். கப்பற்புழுவைத் தடுக்க அடிப்புறம் முழுவதும் செம்புத் தகடு வேயும் முறை ஆங்கிலேயக் கடற்படையில் 1770, 1780-களில்தான் பரவியது. செம்பில் துத்தநாகம் கலந்த மலிவான தகட்டுக்கு மன்ட்ஸ் என்பவர் 1832-இல் காப்புரிமை பெற்றார். அத்தகடு வேய்ந்த கப்பல் 1832-க்கு முன் மூழ்கியதாக இராது. ஆயினும் தேக்கை ஐரோப்பியரும் வாங்கினர். பழங்கப்பலுக்குப் புதுத் தகடு வேய்வதும் உண்டு. எனவே ஒவ்வொரு சான்றையும் மற்றொன்றோடு ஒட்டிப் பார்க்க வேண்டியதாகிறது.

இனி இரண்டாவது பட்டியலைக் காண்போம். கப்பல்கள் துறை சேர்ந்ததையும் சேதமுற்றதையும் அறிவிக்கும் 'லாயிட்ஸ் லிஸ்ட்' என்னும் செய்தித்தாள் லண்டனில் 1734-இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஆவணங்கள் லண்டனிலும் சென்னை எழும்பூரிலும் உள. போர்த்துக்கீசியர் ஏடுகள் பணஜியில் உள. நம்மவர் எழுதிய ஒன்றும் உண்டு. புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் தினப்படி சேதிக் குறிப்பில் அரசியலோடு கப்பல் வரவையும் எழுதிவந்தார். இன்ன நாள் இன்ன கப்பல் வந்தது என்று ஒரு தமிழர் அன்றாடம் எழுதிவைத்தது, இருநூறு ஆண்டு கடந்தும் கடல் வாணிகத்தை ஆராய்வோருக்குக் கைவிளக்காகிறது.

ஆவணம் இருந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் எண்ணற்க. 1761-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பற்படையைப் பெரும் புயல் தாக்கியது. 'டியூக் டி அக்விடேன்', 'சண்டர்லேண்டு' என்னும் கப்பல்கள் மூழ்கின. 'நியூகாஸில்', 'குவீன்பரோ', 'புரொடெக்டர்' ஆகியவை கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரே புயலில், ஒரே கரையோரத்தில், ஒரே நாட்டுக் கப்பல்கள் ஐந்து! அக்கடலில் நாளை ஒரு பழம்பீரங்கி கிடைத்தால், அது அந்த ஐந்தனுள் எதனுடையது? காணாமற் போனவற்றின் பட்டியல் நீண்டிருந்தால் அதுவும் மயக்கத்துக்கு இடமாகும். பீரங்கியின் எடை, வார்ப்படக் குறி, கப்பலில் ஏற்றிய பீரங்கிகளின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக அளந்தே ஒவ்வொரு பெயரையும் நீக்கவேண்டும்.

விரைந்து பெயர் சூட்டுவதால் விளையும் பூசலுக்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். காப்டன் குக் ஆஸ்திரேலியக் கீழ்க்கரையை அடைந்த 'எண்டெவர்' என்னும் கப்பல், பின்னர் 'லார்டு சாண்ட்விச்' எனப் பெயர் மாறி, 1778-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில் ஆங்கிலேயராலேயே வேண்டுமென்று மூழ்கடிக்கப்பட்டது. அத்துறைமுகத்துச் சிதைவு ஒன்றே அக்கப்பல் என ஆஸ்திரேலியக் கடல்சார் அருங்காட்சியகம் 2022-இல் அறிவித்தது. உடன் உழைத்த அமெரிக்க ஆய்வுக் குழுவினர், இவ்வறிவிப்புக்கு இன்னும் காலம் வரவில்லை என்று உடனே மறுத்தனர். மரங்களின் பருமன், நீரிறைக்கும் பொறி இருந்த இடம், பழைய வரைபடங்களின் அளவுகள் ஆகியவற்றை எல்லாம் விளக்கி 2025-இல் அருங்காட்சியகத்தார் இறுதி அறிக்கை வெளியிட்டனர். கப்பலின் பெயர் பொறித்த மணி ஒன்று கிடைத்திருந்தால் இத்தனை வழக்கு நேர்ந்திராது என்று தோன்றலாம். ஆனால் கப்பல்கள் பெயர் மாறுவதுண்டு. ஒரு கப்பலின் மணி மற்றொரு கப்பலுக்குச் செல்வதும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பெயரைக் கண்டுபிடிப்பதால் வரும் பயன் யாது என்று சிலர் வினவலாம். பெயர் ஒரு திறவுகோல். பெயர் தெரிந்தால் புறப்பட்ட துறை தெரியும். சரக்குச் சிட்டை தெரியும். கப்பலில் சென்ற ஆட்களின் பட்டியல் தெரியும். அப்பட்டியலில் மாலுமித் தலைவர், வணிகர் ஆகியோர் பெயர்கள் தெளிவாக இருக்கும். பாய் கட்டியவரும் கயிறு இழுத்தவரும் ஆகிய லஸ்கர்களோ, பல ஏடுகளில் 'சாரங்கு ஒருவர், லஸ்கர் இத்தனை பேர்' என்று எண்ணிக்கையாக மட்டுமே நிற்பர். அவர்களுள் நம் கடற்கரையூர்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். அவர்கள் உண்ட கலமும் பிடித்த கருவியும் கடலடியில் கிடைக்குமாயின், ஏட்டில் எண்ணாக நின்றவர்கள் மனிதர்களாக எழுந்து நிற்பார்கள். பிழைப்பை நாடி ஊரைவிட்டுப் புறப்பட்ட குடும்பங்களாகிய நமக்கு இவ்வுண்மை பிறரினும் நன்கு விளங்கும். சென்ற இடத்தில் பெயரின்றிப் போவது எத்தகைய இழப்பு என்பதை நாம் அறிவோம்.

இதனாற்றான் கடலிலிருந்து பொருள்களைக் களவாக எடுப்போர் செய்யும் தீங்கு அவர்கள் பெறும் விலையினும் பெரிது என்கிறோம். காரீயத்தைப் பழைய உலோகம் எனக் கருதி உருக்கிவிட்டால், 1792 என்னும் எண் மறைந்துபோம். பீங்கானைத் துண்டு துண்டாக விற்றுவிட்டால், தந்தமும் பீங்கானும் ஒருங்கே கிடந்தன என்னும் செய்தி மறைந்துபோம். ஒரு பொருள் எங்கே, எதன் அருகில் கிடந்தது என்பதே அதன் வாக்குமூலம். இடம் பெயர்த்த பொருள் ஊமையாகிவிடும். நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய இத்தகைய பொருள்களை உரிமமின்றி விற்பதையும், தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதையும் தடை செய்கிறது.

ஆகவே அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கிறோம். முதலாவது, கடற்கரையில் 'கப்பலிலிருந்து எடுத்தது' என்று சொல்லி யாரேனும் காசோ பீங்கானோ விற்க வந்தால் வாங்கற்க. வாங்குவார் இருக்கும் வரையில் எடுப்பாரும் இருப்பர். இரண்டாவது, கரையில் ஒதுங்கிய பழம்பொருள் கண்ணிற்பட்டால், அதனை எடுத்துச் சுத்தம் செய்ய முற்படாமல், இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். உப்பு நீரில் ஊறிய மரமும் இரும்பும் காற்றுப் பட்டவுடன் சிதையத் தொடங்கும். அவற்றைக் காக்கும் முறை கற்றவர்க்கே தெரியும்.

மூன்றாவது, நம் வீட்டுப் பெட்டிகளைப் பற்றியது. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்ற பாட்டனார், பாட்டியார் உள்ள குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்கள் ஏறிய கப்பலின் பெயர், பயணச் சீட்டு, புறப்பட்ட நாள் குறித்த கடிதம் ஆகியவை பழந்தாள் விலைக்குப் போகாதவாறு பாருங்கள். சீட்டைக் கண்ணாடித் தாளில் இட்டு வையுங்கள். முதியோர் வாய்மொழியாகச் சொல்லும் கப்பற் பெயரை நாளும் ஆண்டும் இட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை செய்தது அவ்வளவே: கண்டதைக் கண்டபடி, நாள் குறித்து எழுதினார். அது பெரிய கல்வி வேண்டும் செயலன்று. ஒழுங்கு வேண்டும் செயல்.

பூம்புகார்க் கடலில் கிடப்பது சோழர் கலமன்று என்பதால் புகாரின் பெருமைக்குக் குறைவொன்றும் இல்லை. பொய்யான பழமையை விட மெய்யான இருநூற்றுச் சொச்சம் ஆண்டு மேலானது. சான்று கூறுவதை ஏற்றுக்கொள்ளும் உள்ளமே பழம்பெருமை பேசும் தகுதியையும் நமக்குத் தரும். இனி, பிள்ளைகள் கடலைச் சுட்டி வினவும்போது, மேலே செல்லும் கப்பலோடு கீழே கிடக்கும் கப்பலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அவர்களுள் ஒருவரேனும் நாளை அவற்றுக்குப் பெயர் தேடித் தரக்கூடும்.